வட்டார வரலாற்றுக் குழுவில் புண்படுத்தும் படங்கள்: எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: பாலாற்றங்கரையான், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் புகைப்படங்கள், கடிதங்கள், ஆவணங்கள் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் இணையக் குழு ஒன்றின் நிர்வாகிகளுள் நானும் ஒருவன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்தினரோடு, ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களும் இதில் இருக்கிறார்கள். கோட்டை அகழி, ஆற்காட்டு டில்லி கேட், பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குழு, இப்போது மூன்று படங்களை முன்னிட்டு இரண்டு பட்டுக் கிடக்கிறது.

முதலாவது, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எடுத்த புகைப்படம். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் படத்துக்காக வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் துணி. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குழந்தையின் தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிகிறது. இது நிர்வாணப் படம் என்றும், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்றும் பலர் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இளைஞர் ஒருவர் வரைந்த கேலிச்சித்திரம். பாலாறு திரௌபதியாக நிற்கிறாள். அவள் முந்தானை ஒரு டிப்பர் லாரியின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சபையில் அமர்ந்திருப்பவர்கள் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சேலை விலகிய இடத்தில் உடல் இல்லை, வெடித்துக் கிடக்கும் ஆற்றுப்படுகைதான் இருக்கிறது. ஆனாலும் அம்மனை இழிவுபடுத்திவிட்டதாகக் கூறி, இதற்கு வந்த புகார்களே மிகுதி.

மூன்றாவது, தொழுநோய் மருத்துவப் பணி பற்றிய பழைய வெளியீடு ஒன்றிலிருந்து எடுத்துப் போடப்பட்ட படம். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஒரு பெண்ணின் இரண்டு படங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே ஊர்ப் பெயரும் இருக்கிறது. இதைப் பலர் பாராட்டினார்கள், வேலூரின் பெருமை என்று எழுதினார்கள், புகார் எதுவும் வரவில்லை. ஆனால் ஓர் உறுப்பினர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பி, படத்தில் இருப்பவர் தம் பாட்டியின் அக்கா என்றும், இந்தச் செய்தி வெளியே தெரியாமல்தான் வீட்டில் மூன்று தலைமுறைத் திருமணங்கள் நடந்திருக்கின்றன என்றும் சொன்னார்.

மற்ற நிர்வாகிகளுள் ஒருவர், வரலாற்றுக் குழுவில் எதையும் நீக்கக் கூடாது, நீக்கத் தொடங்கினால் எங்கே நிற்பது என்கிறார். மற்றொருவர், குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் வந்தால் படம் தானாகவே நீங்கும்படி விதி செய்துவிடலாம் என்கிறார். இரண்டாவது யோசனையை ஏற்றால் முதல் இரண்டு படங்களும் போய்விடும், மூன்றாவது நிலைத்துவிடும். இதுதான் என்னை உறுத்துகிறது. சட்டம் அறிந்தவர்களும், இத்தகைய குழுக்களை நடத்திய அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சத்துவாச்சாரி வழக்கறிஞர்

நண்பருக்கு வணக்கம். சட்டம் எதுவரை உங்களுக்குத் துணை வரும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு கருத்துரிமையைத் தருகிறது. 19(2) அதற்கான வரம்புகளைச் சொல்கிறது. பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு, குற்றத்தைத் தூண்டுதல் ஆகியவை அந்த வரம்புகளில் அடங்கும். ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டுமே அந்தப் பட்டியலில் தனியொரு காரணமாக இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் அல்லது மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவதையே குற்றமாக்கி வைத்திருந்தது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுமையாக ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும், அதற்காக வாதாடுவதும், வன்முறையைத் தூண்டுவதும் வெவ்வேறானவை என்றும், தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டும்போதுதான் தடைக்கு இடம் உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு விளக்கியது.

பஞ்சப் படத்தை எடுத்துக்கொள்வோம். 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில், டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி இருந்த படத்தை வெளியிட்டது ஆபாசமா என்ற கேள்வி எழுந்தபோது, படத்தை அது சொல்ல வந்த செய்தியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தப் படத்தின் செய்தி நிறவெறிக்கு எதிரானது. உடை இல்லாமை மட்டுமே ஆபாசம் ஆகாதென்றால், பசியால் உடல் வற்றியவர்களின் படத்தை ஆபாசம் என்று எந்த அளவுகோலாலும் சொல்ல முடியாது.

கேலிச்சித்திரத்தைப் பொறுத்தவரை, மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் வருகிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்திருந்தால்தான் அது பொருந்தும். மணல் கொள்ளையைக் கண்டிக்கும் சித்திரத்தில் அந்த நோக்கத்தைக் காட்டுவது கடினம். அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைக் கண்டித்து வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா 2017 நவம்பரில் கைது செய்யப்பட்டார். இரண்டிலும் புண்பட்டதாகச் சொன்னவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

நிர்வாகி என்ற முறையில் உங்கள் மீது வழக்கு வருமா என்று கவலைப்பட வேண்டாம். ஓர் உறுப்பினர் போட்டதற்காக, வேறு பங்கு எதுவும் இல்லாத வாட்ஸ்அப் குழு நிர்வாகியைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மூன்றாவது படத்தில்தான் சட்டம் கைவிடுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மையே. ஆனால் ஒருவருடைய தனியுரிமை அவர் இறப்போடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்துப் போல வந்து சேராது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அம்மையார் இப்போது உயிரோடு இல்லையென்றால், அவர் உறவினருக்கு நீதிமன்றத்தில் பெரிய பிடிமானம் கிடைக்காது. சட்டம் தடுக்காத ஒன்றை நீங்கள் வைத்திருக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

பதில் 2: குடியாத்தம் ஆசிரியை

பஞ்சப் படத்துக்குப் புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. படம் பொய் என்றோ ஆபாசம் என்றோ நான் சொல்லவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கோட்டைப் படத்துக்கும் தேர்த் திருவிழாப் படத்துக்கும் நடுவில், தலைப்போ விளக்கமோ இல்லாமல் அந்தப் படம் திடீரென்று கண்ணில் படுகிறது. அதன் கீழே "அந்தக் காலத்து டயட்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புக் குறிகள் போட்டிருந்தவர்கள் பலர். செத்துப்போனவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கருத்துகளை நீக்குங்கள். 1877 ஜனவரியில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான் கூலி என்று குறைத்ததையும், மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதியதையும் படத்தோடு சேர்த்துப் போடுங்கள். அப்போது அது பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய படமாகும்; நானே வகுப்பில் காட்டுவேன்.

பதில் 3: மேல்விஷாரம் வாசகர்

வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் மனம் புண்படுதல் என்பதைச் சட்டப் பட்டியலில் இல்லாத ஒன்று என்று அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது என்று கருதுகிறேன்.

1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு என்ன காரணம்? தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை, தாடி மீசை விதிகள். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர அது வலித்தது. ஆணையிட்டவர்களின் கண்ணுக்கு அது ஒரு தொப்பிதான். இன்றும் என் சமூகத்தைக் கொச்சைப்படுத்தும் படங்களை மணிக்கொரு முறை அனுப்பிவிட்டு, இது வெறும் படம்தானே, நகைச்சுவையைப் புரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் படங்கள் எதையும் வாதிடுவதில்லை, எந்தத் தவறையும் சுட்டிக்காட்டுவதில்லை. தெருவில் பழகும் மனிதர்களை அருவருக்கச் செய்வதுதான் அவற்றின் வேலை.

திரௌபதி சித்திரம் அந்த வகையைச் சேர்ந்ததா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த வழிபாட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட புகார்களை எல்லாம் சகிப்புத்தன்மை இல்லாதவர்களின் கூச்சல் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில் 4: செய்யாறு கூத்துப் பிரியன்

மேல்விஷாரம் அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்குத் திரௌபதி அம்மன்தான் குலதெய்வம். அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான்.

துகில் உரிதல் எங்கள் பக்கத்துக் கூத்தில் மறைத்துச் சொல்லப்படும் கதை அல்ல. ஊர் நடுவில், பெண்கள், குழந்தைகள் முன்னிலையில் ஆடப்படுவது. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கைவைக்கும் முன்பு, வேடத்தை விட்டு வெளியே வந்து, கற்பூரம் ஏற்றி, தாயே மன்னித்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். அதன் பிறகுதான் இழுப்பார். சபையில் பீமனும் அர்ச்சுனனும் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கூட்டத்தில் இருக்கும் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கோபம் அம்மன் மீது வருவதில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் மீது வருகிறது.

அந்தத் தம்பியின் சித்திரத்தில் இருப்பதும் அதே கோபம்தான். சேலை விலகிய இடத்தில் அவர் உடம்பை வரையவில்லை, ஆற்றை வரைந்திருக்கிறார். அம்மனை அறிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்தக் கை அங்கே நிற்கும். தோல் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவனே இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை 1996இல் பெற்றார்கள். அந்த ஆற்றுக்காகப் பேசும் உரிமை நமக்குப் புதிதாக யாரும் தர வேண்டியதில்லை.

புகார் கொடுத்தவர்களுள் உண்மையாகவே வருந்தியவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள்; தம்பியையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் மகிழப்போவது பக்தர்கள் மட்டும் அல்ல என்பதை மறக்காதீர்கள்.

பதில் 5: காட்பாடி விக்கிப் பயனர்

புகார் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது பற்றி ஒரு செய்தி. விக்கிப்பீடியாவில் 2008இல் நபிகள் நாயகத்தின் பழைய ஓவியங்களை நீக்கக் கோரிப் பெரிய இணைய விண்ணப்பம் ஒன்று வந்தது. அங்கே தலைகளை எண்ணி முடிவெடுக்கவில்லை. படங்களை விட்டுவைத்து, பார்க்க விரும்பாதவர் தம் கணினியில் எப்படி மறைத்துக்கொள்ளலாம் என்ற வழியைச் சொன்னார்கள். 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை, படங்களை வகை பிரித்து, வேண்டாதவற்றை வாசகரே மறைத்துக்கொள்ளும் வடிகட்டி ஒன்றைக் கொண்டுவர முயன்றது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் படம் எவரைப் புண்படுத்தும் என்று முத்திரை குத்துவதே ஒரு தீர்ப்பு, அந்த முத்திரையைப் பள்ளிகளும் அரசுகளும் தணிக்கைக்குப் பயன்படுத்தும் என்று தொகுப்பாளர்கள் பலர் எதிர்த்தார்கள். 2012இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

தானியங்கி விதியின் ஆபத்துக்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைக் காட்டிப் பிரேசிலில் இன்ஸ்டாகிராமில் ஒருவர் வெளியிட்ட படத்தை இயந்திரம் நிர்வாணம் என்று நீக்கிவிட்டது. அந்த நிறுவனத்தின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வைக் குழு 2021 ஜனவரியில் அது தவறு என்று தீர்ப்பளித்தது. உங்கள் நண்பர் சொல்லும் விதி, இயந்திரத்துக்குப் பதில் கூட்டத்தை உட்காரவைக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்தால் போதும், எந்தப் படத்தையும் வீழ்த்திவிடலாம். அந்த விதி வேண்டவே வேண்டாம்.

பதில் 6: ஓய்வுபெற்ற செவிலி, பாகாயம்

தம்பி, மூன்றாவது படத்தைப் பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லை. நான் பேசுகிறேன், என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தொழுநோயாளிகளோடு கழிந்தது.

1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். நரம்பு மரத்துப்போவதால் சூடும் காயமும் தெரிவதில்லை. தெரியாத காயம் புண்ணாகி, புண் விரலைத் தின்கிறது. தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் விரியச் செய்யும் அறுவை சிகிச்சையை அவர் இங்கே வளர்த்தெடுத்தார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் உருவானது. இந்தப் பெருமையை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறுவைக்கு முன்னும் பின்னும் கையைப் படம் எடுத்ததால்தான் மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கையைக் காட்ட முகம் எதற்கு? அந்தக் காலத்தில் நன்கொடை கேட்டு அச்சிட்ட வெளியீடுகளில் முகமும் ஊரும் போட்டார்கள். கடல் கடந்த நாட்டில் படிக்கப்போகிறவர்களுக்காகப் போட்டது, வேலூர்க்காரர்களின் கைப்பேசிக்கு வரும் என்று யார் கண்டது?

படத்துக்கு உட்கார்ந்தவளைக் கேட்டுத்தான் எடுத்திருப்பார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். மருந்தும் சோறும் கொடுப்பவர் கேட்டால் அவள் எப்படி மறுப்பாள்? அந்த ஹூப்பர் முன்னால் உட்கார்ந்தவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த நோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. ஆனாலும் ஆங்கிலேயர் காலத்து 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை நாம் 2016இல்தான் ரத்து செய்தோம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதியை 2019இல்தான் நீக்கினோம். அந்தத் தனிச்செய்தி அனுப்பிய பிள்ளையின் வீட்டுப் பயம் வெறும் கற்பனை இல்லை. வாய் திறந்து புகார் கொடுத்தால் அதுவே ஊருக்கு அறிவிப்பாகிவிடும். அதனால்தான் அந்தப் படத்துக்குப் புகாரே வரவில்லை. புண்பட்டவர்கள் கூட்டமாக வந்து கத்துவார்கள் என்று காத்திருந்தால், இப்படிப்பட்டவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

பஞ்சப் படத்தில் இருப்பவர்களின் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது. அவர்களை அப்படி ஆக்கிய அரசுக்கு எதிராக அந்தப் படம் இன்றைக்கும் சாட்சி சொல்கிறது. நம் வேலூர்ப் பெண்ணின் படம் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது? சிகிச்சையின் பெருமையைச் சொல்ல அவள் கைகள் போதும். முகத்தையும் ஊரையும் இன்றே எடுங்கள். அதைப் போட்டவர் நல்ல மனத்தோடுதான் போட்டிருப்பார். அவரைக் குழுவில் வைத்துத் திட்டவும் வேண்டாம், காரணத்தைப் பொதுவில் விளக்கவும் வேண்டாம். விளக்கினால் யார் கேட்டார்கள் என்று தேடத் தொடங்குவார்கள்.

கேட்டவரின் மறுமொழி: பாலாற்றங்கரையான்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா சொன்னபடி மூன்றாவது படம் இன்று காலையே நீக்கப்பட்டது. பகிர்ந்தவரிடம் தொலைபேசியில் பேசினேன், அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. கைகள் மட்டும் தெரியும் படத்தைக் கரிகிரி பற்றிய குறிப்போடு அவரே மீண்டும் பதிவிடப்போகிறார்.

பஞ்சப் படத்தை, குடியாத்தம் ஆசிரியை அவர்கள் எழுதித் தரும் குறிப்போடு முதல் பின்னூட்டத்துக்கு மாற்றுகிறோம்; பதிவின் முகப்பில் எழுத்து மட்டும் இருக்கும். அதன் கீழிருந்த கேலிக் கருத்துகளை நீக்கிவிட்டோம். புகார் எண்ணிக்கை விதியை முன்மொழிந்த நண்பரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கேலிச்சித்திரம் அப்படியே இருக்கும். அதற்குப் புகார் கொடுத்தவர்களுள் இருவர் நேரில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார், அதில் எனக்கு வருத்தம் உண்டு. வழக்கறிஞர் ஐயாவிடமும் அம்மாவிடமும் இன்னும் ஓர் உதவி வேண்டும். நோயாளிகள், விபத்தில் சிக்கியவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் முகம் தெரியும் படங்களைப் பதிவிடும் முன் யாரிடம், எப்படி இசைவு பெற வேண்டும் என்று குழு விதிகளில் ஒரு பத்தி சேர்க்க விரும்புகிறோம். அதன் வாசகத்தை நீங்கள் இருவரும் பார்த்துத் திருத்தித் தர முடியுமா?